பாட்டு முடிந்த பின்

கைப்பேசியில் பாட்டுக் கேட்பதற்கென்று வந்துள்ள செயலிகளுள் ஸ்பாட்டிஃபை ஒன்று. அதன் அமைப்புப் பகுதியைத் திறந்து பார்ப்போர்க்குச் சிறியதோர் அளவுகோல் தென்படும். ஒரு முனையில் சுழி. மறு முனையில் 12 நொடி. விரலால் அதனைச் சற்றே நகர்த்தினால் போதும். அதன்பின் ஒரு பாட்டு முடிவதற்கு முன்பே அடுத்த பாட்டுத் தொடங்கிவிடும். முன்னது மெல்ல மெல்லத் தாழும்; பின்னது மெல்ல மெல்ல எழும். எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது பிறந்தது என்று சொல்ல இயலாதபடி இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும். இதற்குக் ‘கிராஸ்ஃபேடு’ என்று பெயரிட்டிருக்கின்றனர்.

ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரல் நோக்கிக் காலையில் செல்லும் மின்தொடர் வண்டியில் இதனை நாள்தோறும் காணலாம். காணலாம் என்பதைவிட, கேட்க முடியாமல் காணலாம் என்பதே பொருந்தும். பாட்டு அவரவர் காதுக்குள் அல்லவா ஓடுகின்றது! அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று நிலையங்கள் வந்து வந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் வண்டி நிற்கின்றது. சிலர் இறங்குகின்றனர், சிலர் ஏறுகின்றனர். காதுக்குள் ஓடும் வண்டிக்கு மட்டும் நிலையமே இல்லை.

இதனை ஒரு கட்டுரைப் பொருளாகக் கொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேலைக்குப் போகும் வழியில் ஒருவர் பாட்டுக் கேட்கிறார்; இடையீடின்றிக் கேட்க விரும்புகிறார்; இதில் அறம் எங்கே வந்தது? கேள்வி நியாயமானதே. பாட்டுக் கேட்பதில் குற்றம் ஏதும் இல்லை. நம் ஐயம் வேறு. ஒரு பொறி எதனைக் குறை என்று கருதி நீக்குகின்றதோ, அது மெய்யாகவே குறைதானா என்பதைப் பொறி ஆராய்வதில்லை. ஆராய வேண்டியவர்கள் நாம். இரண்டு பாட்டுகளுக்கு இடையே கிடக்கும் அந்த மூன்று, நான்கு நொடி மௌனம் வெறும் வெற்றிடந்தானா? அல்லது அது யாருக்கேனும் உரியதா? உரியது என்றால், யாருக்கு?

முதலில் பொறியின் பக்கத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. இடைவெளியை நீக்கும் முறைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஒன்று, பிழையைத் திருத்துவது. எம்பி3 முறையில் ஒலியைச் சுருக்கும்போது அதனை 1,152 மாதிரிகள் கொண்ட சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றனர். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு கட்டத்தின் நீளம் ஏறத்தாழ 26 மில்லி நொடி. எந்தப் பாட்டும் கட்டத்தின் விளிம்பில் கச்சிதமாக முடிவதில்லை. எஞ்சும் இடத்தை ஒலியின்மையால் நிரப்பியாக வேண்டும். தொடக்கத்திலும் இவ்வாறே சிறிது வெற்றிடம் சேர்ந்துவிடும். ஆகவே, ஓர் அரங்கில் தொடர்ச்சியாக நடந்த கச்சேரியைப் பதிவுசெய்து பகுதி பகுதியாக வெட்டி வைத்தால், கைதட்டலின் நடுவே ஒரு வெட்டு விழும். ஆலாபனையிலிருந்து பாட்டுக்குள் செல்லும் இடத்தில் ஒரு விக்கல் எழும். 1969-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் ‘அபி ரோடு’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் பல சிறு பாட்டுகளை ஒரே மாலையாகக் கோத்திருக்கின்றனர். எம்பி3 அந்த மாலையின் நாரை அறுத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாடு கருவி இந்தக் குறையைக் களைய 2006 வரை ஆயிற்று. இது பழுதுபார்த்தல். படைத்தவர் கருதிய தொடர்ச்சியைப் படைத்தவருக்கே மீட்டுத் தருவது. இதில் நமக்கு எந்த மனத்தடையும் இல்லை.

அடுத்தது, மேலே சொன்ன கரைத்தல். இங்கே படைத்தவர் கருதாத ஒரு தொடர்ச்சி உண்டாக்கப்படுகின்றது. மூன்றாவது இன்னும் புதியது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் இசைச் செயலியில் ‘ஆட்டோமிக்ஸ்’ என்னும் வசதியைக் கொணர்ந்தது. அது இரண்டு பாட்டுகளின் தாளத்தையும் சுருதியையும் தானே ஆராய்ந்து, வேண்டுமிடத்தில் வேகத்தை நீட்டியோ சுருக்கியோ, தாளத்தின் மேல் தாளம் படியுமாறு ஒட்டிவிடுகின்றது. 1970-களில் நியூயார்க் நடன அரங்குகளில் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை முன்னே வைத்துக்கொண்டு சில கலைஞர்கள் கையால் செய்த வித்தை இது. ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கலைஞர் எதிரே ஆடுவோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்தவர் யார், இன்னும் ஆட விரும்புகிறவர் யார் என்பது அவருக்குத் தெரிந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுக்கே இடம். முடிந்ததும் ஒருவர் எழுந்து சென்று முள்ளைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை தன் முதல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டியை 1965-இல் வெளிக்கொணர்ந்தது. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்தும் வந்தவர்கள் இங்கே குடியேறிப் புதிய தெருக்களை உண்டாக்கினர். அத்தெருக்களில் காதணி விழாவாயினும், திருமணமாயினும், கோயில் திருவிழாவாயினும், நம் ஆலயத்துத் தேர்ப்பவனியாயினும், கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறாமல் எதுவும் தொடங்கியதில்லை. ‘ரிக்கார்டு செட்’காரர் பந்தலின் மூலையில் தட்டுகளை அடுக்கிவைத்து அமர்ந்திருப்பார். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு ஏறும் வரை முள்ளின் கரகரப்பு. பின் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் ஓசை. அந்த இடைவெளியில்தான் ஊருக்குச் செய்தி போயிற்று. பச்சைச் சட்டை அணிந்த நான்கு வயதுச் சிறுவன் மேடையருகே அழுதுகொண்டிருக்கிறான், பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும். முதற்பந்தி தொடங்கிவிட்டது. பொன்னேரியிலிருந்து வந்தவர்களின் வண்டி புறப்படப் போகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இடமில்லாமற் போயிருந்தால் எத்தனைப் பிள்ளைகள் எத்தனை நேரம் அழுதிருக்கும்!

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை இந்தத் தெருக்கள் ஒருகாலத்தில் எவ்வளவு விரும்பிக் கேட்டன என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். மயில்வாகனனார், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் பாடகர்களின் குரல்களுக்கு இணையாகப் புகழ் பெற்றிருந்தன. அவர்கள் செய்ததென்ன? இரண்டு பாட்டுகளுக்கு இடையே நின்று, இது இன்ன படம், எழுதியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார், பாடியவர் இன்னார் என்று சொன்னார்கள். விரும்பிக் கேட்ட நேயரின் பெயரையும் ஊரையும் சொன்னார்கள். ஒரு பாட்டு யாருடைய உழைப்பு என்பதும், யாருடைய ஆசை என்பதும் அந்த இடைவெளியில்தான் நம் காதுக்கு எட்டின. இன்று பாட்டு மட்டும் வருகின்றது. பெயர்கள் திரையில் எங்கோ ஊர்ந்து செல்கின்றன. திரையோ சட்டைப் பைக்குள் இருக்கின்றது.

பழைய காலத்தைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. நாளைய தேர்வுக்குப் படிக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்ட மாணவரும், இரவுப் பணி முடித்துவந்து பகலில் கண்ணயர இயலாத தொழிலாளரும் அந்தக் குழாய் ஒலிபெருக்கியை அத்துணை இனிமையாக நினைவுகூர மாட்டார்கள். இடைவெளியும் அன்று யாரும் விரும்பிச் செய்ததன்று. கருவியின் இயலாமையால் நேர்ந்தது. எனினும் அவ்வாறு நேர்ந்த இடத்தில் மனிதர் வந்து நின்றார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஒன்றையும் மற்றொன்றையும் இணைப்பதைப் பற்றித் தமிழர்க்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் 9 இயல்களுள் 6 இயல்கள் புணர்ச்சியைப் பற்றியன. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் அந்தக் கண்ணிமைப்பொழுதில் என்னென்ன நிகழலாம் என்பதை நம் முன்னோர் அவ்வளவு நுணுகிப் பார்த்திருக்கின்றனர். சில சொற்கள் மாற்றமின்றிச் சேரும், அது இயல்பு. சிலவற்றின் நடுவே புதிய எழுத்து ஒன்று தோன்றும். சிலவற்றில் ஓர் எழுத்து வேறொன்றாகத் திரியும். சிலவற்றில் ஓர் எழுத்துக் கெடும். மணியும் அடித்தது என்பதும் சேருகையில் இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாதிருக்க ஒரு யகரம் நடுவே வந்து ‘மணியடித்தது’ என்று ஆக்கித் தருகின்றது. அதற்கு உடம்படுமெய் என்று பெயர். ஒவ்வாத இருவரை உடன்படச் செய்வது! செயலிகள் செய்ய முயல்வதும் இவைதாம். வெற்றிடத்தை அகற்றி இயல்பாக ஒட்டுவது, ஈற்றையும் முதலையும் கெடுத்து ஒட்டுவது, வேகத்தைத் திரித்து ஒட்டுவது.

ஆயின் நம் இலக்கணம் இன்னொன்றையும் கேட்டது. இந்த இரு சொற்களுக்கும் பொருளால் என்ன உறவு என்று கேட்டது. வேற்றுமைப் புணர்ச்சி என்றும் அல்வழிப் புணர்ச்சி என்றும் வகுத்ததன் காரணம் அதுவே. மருந்து என்பதும் கடை என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. ஓசை மட்டுமே அளவுகோல் என்றால் அவை எப்போதும் ஒரே வகையில் சேர வேண்டும். அவ்வாறு சேர்வதில்லை. ‘மருந்துக் கடை’ என்றால் மருந்து விற்கும் இடம். ‘மருந்து கடை’ என்றால் மருந்தைக் கடைவாயாக என்னும் ஏவல். ஓர் ஒற்று வருவதா வேண்டாவா என்பதைக் காது தீர்மானிக்கவில்லை, பொருள் தீர்மானிக்கின்றது. உறவை அறியாமல் ஒட்டினால் பொருள் கெடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி.

பொறிக்கு அந்த உறவு தெரிவதில்லை. தாளம் ஒத்ததா, சுருதி ஒத்ததா, அவ்வளவே. பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கூட ஒருமுறையேனும் மணமக்களின் முகத்தைப் பார்ப்பார். நம் பழைய திரைப்பாடல்கள் பலவற்றில் பல்லவிக்கு முன் தொகையறா வரும். தாளக்கட்டு இல்லாமல், குரல் தனித்து நின்று, சொல்லை நெஞ்சில் இறக்கும் சில அடிகள். முந்திய பாட்டின் முழவோசை இன்னும் அடங்காதிருக்கும்போதே அந்தத் தனிக்குரல் அதன்மேல் படிந்தால் கேட்பவர்க்குக் கிடைப்பது முழவும் அன்று, தொகையறாவும் அன்று. தாயை இழந்தவன் பாடும் பாட்டு ஓய்வதற்குள் கல்லூரி விழாப் பாட்டு ஒன்று அதன் தோளைத் தட்டுகின்றது. இரண்டுக்கும் வேகம் ஒன்றாக இருக்கலாம். ஆயினும் இணைக்கத் தகாதவை.

இதே பகுதியில் இதற்கு மாறான ஒன்றும் கண்ணில் படுகின்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும், அம்பத்தூர் ஓ.டி. பக்கத்திலும் ஓடும் பங்குத் தானிகளில் பாட்டுக்குக் குறைவில்லை. எதிரே ஓர் இறுதி ஊர்வலம் வருகின்றது. ஓட்டுநர் ஒரு கையால் திருகுவிசையைத் தாழ்த்துகிறார். சில வேளை முற்றிலும் அணைத்துவிடுகிறார். இறந்தவர் யாரென்று அவர் அறியார். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் எட்டுப் பேரும் அறியார். பூக்கள் சிதறிய சாலையைக் கடந்து, அடுத்த நிறுத்தம் வரை அப்படியே செல்கிறார். பிறகுதான் பாட்டு மீண்டும் எழுகின்றது. எத்தனை நொடி கழித்து எழ வேண்டும் என்று அவருக்கு எந்த அளவுகோலும் சொல்லித் தரவில்லை.

ஒரு பாட்டு எப்போது முழுமையடைகின்றது? புனித அகுஸ்தீனார் இந்தக் கேள்வியை வேறு வழியாக அணுகினார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய ‘அறிக்கைகள்’ என்னும் நூலின் 11-ஆம் பகுதி காலத்தைப் பற்றியது. காலத்தை அளக்கிறோம் என்கிறோமே, எதனை அளக்கிறோம்? இதற்கு விடை தேட அவர் ஒரு பாடலையே எடுத்துக்கொள்கிறார். புனித அம்புரோசியார் இயற்றிய பாடல் ஒன்றின் குறில்களையும் நெடில்களையும் எண்ணிப் பார்க்கிறார். ஒலித்துக்கொண்டிருக்கும் அசையை அளக்க முடியாது. அது இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்ட அசையையும் அளக்க முடியாது. அது இப்போது இல்லை. ஆகவே நாம் அளப்பது ஒலியை அன்று, ஒலி நம் நினைவில் விட்டுச் சென்ற பதிவையே என்ற முடிவுக்கு வருகிறார். மௌனத்தையும் நாம் அவ்வாறே அளக்கிறோம் என்பதையும் அவர் கூறாமல் விடவில்லை. மனப்பாடமான ஒரு பாட்டைப் பாடத் தொடங்கும்போது அது முழுவதும் எதிர்பார்ப்பாக முன்னே நிற்கின்றது. பாடப் பாட எதிர்பார்ப்பு குறைந்து நினைவு வளர்கின்றது. இறுதியில் யாவும் நினைவாகிவிடுகின்றன என்று விளக்குகிறார்.

இதனை நம் பொருளோடு பொருத்திப் பார்ப்போம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நம்மிடம் இருப்பது அதன் ஒரு துண்டு மட்டுமே. கடைசி ஓசை அடங்கிய பின்னரே அது முழுப் பாட்டாக நம்முள் நிற்கின்றது. அப்படியானால், பாட்டு முடிந்த பின் வரும் மௌனம் பாட்டு இல்லாத இடமன்று. பாட்டு முழுமையாக இருக்கும் ஒரே இடம் அதுதான். பாடியவர் தம் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டார். கேட்பவர் பெற்றுக்கொள்ள வேண்டிய நேரம் அது. அடுத்த பாட்டு அதற்குள் புகுந்தால், கொடுக்கப்பட்டது கொடுக்கப்பட்டதாகவே போகின்றது, பெற்றுக்கொள்ளப்படுவதில்லை. அந்த மௌனம் கேட்பவருக்கு உரியது என்று நாம் கருதுவது இதனால்தான்.

எதிர்த்தரப்பையும் கேட்பது நேர்மை. அம்பத்தூரில் ஏற்றுமதிக்கான ஆடை தைக்கும் கூடங்களில் எத்தனையோ பெண்கள் நாள் முழுவதும் ஒரே தையலைத் தைத்துக்கொண்டிருக்கின்றனர். அங்கே பாட்டு என்பது கலை நுகர்வன்று. அது ஒரு கைத்தடி. தடியை நொடிக்கொருமுறை பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தால் நடக்க முடியுமா? வயல்வெளியில் நடவுப் பாட்டுப் பாடியவர்களும் ஒரு பாட்டின் வாலைப் பிடித்தே அடுத்ததைத் தொடங்கினர். இன்னும் ஒரு சாரார் உண்டு. துணையை இழந்து தனியே வாழும் முதியவர். காதில் ஓயாத இரைச்சல் கேட்கும் நோயுடையவர். கடந்த ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நினைக்க அஞ்சி விளக்கை அணைக்காமல் படுத்திருப்பவர். அவர்களுக்கு மௌனம் ஓய்வன்று, அச்சம். அந்த இருட்டில் அறுபடாமல் ஓடும் பாட்டை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? கருநாடக இசையிலும் தம்புரா ஓய்வதில்லை. பாடகர் நிறுத்தும்போதும் அது ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. இராகமாலிகையில் ஓர் இராகம் அடுத்த இராகத்துக்குள் இறங்கும் இடமே அழகு. எனவே தொடர்ச்சியைப் பழிப்பதும், எல்லா மௌனத்தையும் புனிதம் என்று கொள்வதும் சரியாகா.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொடர்ச்சியைத் தையற்கூடத்துப் பெண் தானே வேண்டி எடுத்துக்கொள்வது வேறு. வேண்டாதவர்க்கும் அதுவே நிகழ்வது வேறு. நாம் தேர்ந்த பாட்டுகள் யாவும் முடிந்த பின்னும் அவற்றைப் போன்ற வேறு பாட்டுகளைச் செயலி தானாகவே தொடர்ந்து தருகின்றது. நிறுத்த வேண்டுமானால் நாம்தான் அமைப்பில் தேடிச் சென்று நிறுத்த வேண்டும். ஏன் இவ்வாறு? வணிகக் கணக்கு உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால் அது ஒருமுறை கேட்கப்பட்டதாக எண்ணப்படுகின்றது. நாம் தங்கியிருக்கும் நேரமே அவர்களுக்குச் சரக்கு. வணிகர் வணிகம் செய்வதில் வியப்பில்லை. வருந்தத்தக்கது, ‘போதும்’ என்ற ஒரு சொல்லுக்கு இருந்த இடம் பறிபோவதே. ஒலிநாடாவின் ஒரு பக்கம் 30 நிமிடத்தில் டக்கென்று நின்றது. அப்போது நாம் எழுந்தோம். திருப்பிப் போடுவதா, அல்லது அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதா, அல்லது வாசலில் வந்து நிற்பவரிடம் பேசுவதா என்று ஒரு கணம் எண்ணினோம். திருப்பிப் போட்டால் அது நாம் விரும்பிப் போட்டது. அந்தச் சிறிய விருப்பத்தின் மூலமே கேட்டல் நம் செயலாக இருந்தது. இல்லையேல் அது நமக்கு நேரும் ஒன்றாகிவிடுகின்றது. மழை நம்மேல் பெய்வதுபோலப் பாட்டு நம்மேல் பெய்கின்றது. விருந்தில் இலையை மடிக்க விடாமல் பரிமாறிக்கொண்டேயிருப்பவரை நாம் முதலில் அன்பர் என்போம். மூன்றாம் முறையும் கையைத் தடுத்துவிட்டுப் போட்டால்?

இதைச் சொல்லும்போது நம் ஆலயங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 30-ஆம் எண், இறைமக்கள் பதிலுரைக்கவும் பாடவும் வேண்டும் என்று சொல்லும் அதே இடத்தில், உரிய வேளைகளில் திருமௌனமும் காக்கப்பட வேண்டும் என்கின்றது. பாடுவதைப் போலவே மௌனமும் மக்களின் பங்கேற்பு. திருப்பாடல்களில் 71 இடங்களிலும் அபக்கூக்கு நூலில் 3 இடங்களிலும் ‘சேலா’ என்றொரு சொல் தனியே நிற்கின்றது. அதன் பொருள் அறிஞர்க்கே உறுதியாகவில்லை. பாட்டை நிறுத்தும் குறியாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. நம் பாடகர் குழுக்களோ மின்விசைப்பலகை வந்த நாளிலிருந்து சேலாவை மறந்துவிட்டனவோ என்று தோன்றுகின்றது. திருவிருந்துப் பாடல் முடிகின்றது. கடைசி ஆள் இருக்கையில் வந்து முழந்தாளிடுவதற்குள் அடுத்த பாட்டின் முன்னிசை தொடங்கிவிடுகின்றது. அதுவும் முடிவதற்குள் நன்றிப் பாடல். விசைப்பலகைக்காரர் ஒரு சுரத்தில் விரலை வைத்து இழுத்துக்கொண்டேயிருந்து, அறிவிப்பு வாசிப்பவர் ஒலிவாங்கிக்கு வரும் வரை இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறார். அவர் உழைப்பைக் குறை கூறவில்லை. மௌனம் விழுந்தால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று மக்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சம் நம் எல்லாரிடமும் இருக்கின்றது. ஆனால் நாவில் பெற்ற அப்பத்தோடு ஒருவர் தனியே இருக்க வேண்டிய நேரம் அது. திருச்சபை ஆண்டுக்கொருமுறை ஒரு நாள் முழுவதையுமே இடைவெளியாக விட்டு வைத்திருக்கின்றது. பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்துக்குப் பின் ஓய்ந்த மணி, பாஸ்கா திருவிழிப்பில்தான் மீண்டும் ஒலிக்கின்றது. பெரிய சனி பகலில் திருப்பலி இல்லை. பீடத்தில் விரிப்பும் இல்லை. கல்லறையையும் உயிர்ப்பையும் ஒன்றில் ஒன்று கரைத்துவிடாமல் நடுவே ஒரு நாளை வெறுமையாக வைத்தவர்களுக்குத் துயரத்தின் நீளம் தெரிந்திருந்தது.

இன்னொரு பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எந்தச் செயலிக்கும் முந்தியது. ஆவடியிலும் பட்டாபிராமிலும் ஒற்றை அறை வீடுகளில் இன்றும் உத்தரத்தில் சேலைத் தூளி தொங்குகின்றது. தாலாட்டுகிறவள் ஓர் அடி பாடி நிறுத்துகிறாள். மூச்சு வாங்குவதற்காக மட்டும் அவள் நிறுத்துவதில்லை. துணிக்குள்ளிருந்து வரும் மூச்சைக் கேட்பதற்காக நிறுத்துகிறாள். பிள்ளை சிணுங்கினால் அடுத்த அடி. கால் அசைந்தால் இன்னும் ஓர் அடி, முன்னைவிடத் தாழ்ந்த குரலில். மூச்சு சீராகிவிட்டால், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், பொருள் முடிந்தாலும் முடியாவிட்டாலும், அவ்விடத்திலேயே அது நின்றுவிடுகின்றது. அந்தத் தாலாட்டில் எவ்வளவு பாட்டோ அவ்வளவு கேட்டலும் இருக்கின்றது. வேலைக்குப் போக வேண்டிய தாய்மார்க்கு இப்போதெல்லாம் நேரம் போதுவதில்லை. அது அவர்கள் குற்றமன்று. தூளிக்கு அருகே கைப்பேசியை வைத்துத் தாலாட்டுப் பாடல்களின் தொகுப்பு ஒன்றை ஓடவிட்டுச் சமையலுக்குப் போகிறார்கள். வேண்டுமானால் அரைமணி நேரத்தில் தானே நிற்கும்படியும் அதில் அமைத்து வைக்கலாம். பிள்ளை ஐந்தாம் நிமிடத்திலேயே உறங்கிவிடுகின்றது. ஒரு தாலாட்டு அடுத்த தாலாட்டில் கரைகின்றது, அது இன்னொன்றில். தூளி ஆடாமல் நிற்க, பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கின்றது.